இலையுதிர்கால வேட்டைக்கு எந்தத் தோட்டா? 6.5 க்ரீட்மூர், .308, .270, .30-06, .300 மேக்னம்: ஓர் ஒப்பீடு

செப்டம்பர் பிறந்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். "அண்ணே, பாதுகாப்பு வகுப்பு முடிச்சாச்சு, கடைக்குப் போனா அலமாரி முழுக்க விதவிதமான தோட்டாப் பெட்டி, எந்த காலிபர்ல ரைபிள் வாங்குறது?" கேட்பவர்கள் பெரும்பாலும் டென்வரிலோ டல்லாஸிலோ கால்கரியிலோ குடியேறி, கூட வேலை பார்க்கும் உள்ளூர் நண்பர்களோடு ஒரு தடவை காட்டுக்குப் போய்வந்து, அடுத்த வருஷம் சொந்தமாகப் போகலாம் என்று நினைப்பவர்கள்.

நம் ஆட்களுக்கு இது ஏன் குழப்பமாக இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோனது, அதனால் இதையெல்லாம் சொல்லித்தர நமக்கு வீட்டில் ஆள் இல்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இருக்கிறார்கள், தாத்தா எந்தத் தோட்டாவைச் சுட்டாரோ அதையேதான் பேரனும் சுடுவான், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. நாம் மட்டும் வெறும் எண்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எண்களை மட்டும் பார்த்தால் கை தானாகப் பெரிய தோட்டாவைத்தான் எடுக்கும், அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

நான் எழுதுவது ராக்கி மலைப் பகுதியை, அதிலும் கொலராடோவை மனத்தில் வைத்து. அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் வரை நடக்கும் ரைபிள் பருவங்கள், எல்க் என்ற பெரிய மான், மியூல் மான், பக்கத்து மாநிலங்களில் வெள்ளைவால் மான், அதிர்ஷ்டம் இருந்து குலுக்கலில் பெயர் வந்தால் மூஸ் என்ற அதைவிடப் பெரிய மான். கனடாவில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். தோட்டா என்று நான் சொல்வது பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருளை. குண்டு என்றால் குழலிலிருந்து பறந்து போகிற பகுதி மட்டும். காலிபர் என்பது குண்டின் விட்டம், .24 என்று புள்ளியோடு இருந்தால் அங்குலத்தில், 6.5 என்றால் மில்லிமீட்டரில். குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள், ஒரு கிராமுக்குச் சுமார் 15.4 கிரெயின்.

## முதலில், எதை வைத்து எடைபோடுவது

விலங்கும் தூரமும். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும், கனத்த எலும்பும் தடித்த தோளும் கொண்டது. மியூல் மான் அதில் மூன்றில் ஒரு பங்குதான். கொலராடோ சட்டப்படி ரைபிள் குறைந்தது .24 காலிபர் இருக்க வேண்டும், உடலுக்குள் விரியும் வகைக் குண்டுதான் போட வேண்டும், அது மானுக்குக் குறைந்தது 70 கிரெயின், எல்க்குக்கும் மூஸுக்கும் 85 கிரெயின், 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றலோடு போய்ச் சேர வேண்டும். நான் பேசப்போகும் ஐந்துமே இதைச் சுலபமாகத் தாண்டுகின்றன, ஆகவே சட்டத்தை வைத்து இவற்றுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. பழைய வேட்டைக்காரர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருப்பார்கள்: குண்டு போய்த் தைக்கிற இடத்தில் மானுக்கு 1000, எல்க்குக்கு 1500 அடி-பவுண்டு மிச்சம் இருக்க வேண்டும். இது விஞ்ஞானம் இல்லை, ஆனாலும் எல்லை வகுக்க உதவும்.

உதை. சுட்டதும் துப்பாக்கி தோளைப் பின்னால் தள்ளுமே, அது. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, "நான் தாங்குவேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். தாங்குவது பிரச்சினையே இல்லை. உதை பலமாக இருந்தால் விசையை அழுத்தும் நொடியில் உடம்பு தானாகச் சுருங்கும், கண் மூடும், குழல் ஓர் இம்மி கீழே இறங்கும், அது தெரியவே தெரியாது. 200 கஜத்தில் அந்த இம்மிதான் நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் உள்ள வித்தியாசம். வயிற்றில் அடிபட்ட விலங்கு மணிக்கணக்காக வேதனைப்பட்டு, கண்ணில் படாமலே சாகும். எனக்கு இந்த ஒப்பீட்டிலேயே முக்கியமான அளவுகோல் இதுதான்.

விலையும் கிடைப்பதும். வேட்டைக்கு வருஷத்துக்கு ஒரு பெட்டி போதும் என்று நினைப்பவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. பயிற்சிக்குக் கோடை முழுக்கச் சுட வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

துப்பாக்கியின் எடையும் நீளமும். பத்தாயிரம் அடி உயரத்தில், முழங்கால் பனியில், விடிவதற்கு முன் ஏறும்போது அரை பவுண்டு கூட உறைக்கும்.

ஐந்தையும் அருகருகே வைத்தால் இப்படி இருக்கும். எல்லாம் கடையில் கிடைக்கும் வழக்கமான வேட்டைத் தோட்டாவின் அளவுகள், உதை மட்டும் உத்தேசக் கணக்கு.

| தோட்டா | அறிமுகம் | குண்டு (கிரெயின்) | புறப்படும் வேகம் (அடி/வினாடி) | புறப்படும் ஆற்றல் (அடி-பவுண்டு) | 8 பவுண்டு ரைபிளில் உதை (அடி-பவுண்டு, சுமார்) |
|---|---|---|---|---|---|
| 6.5 க்ரீட்மூர் | 2007 | 143 | 2700 | 2315 | 13 |
| .308 வின்செஸ்டர் | 1952 | 150 | 2820 | 2650 | 16 |
| .270 வின்செஸ்டர் | 1925 | 130 | 3060 | 2700 | 17 |
| .30-06 ஸ்ப்ரிங்ஃபீல்ட் | 1906 | 180 | 2700 | 2915 | 20 |
| .300 வின்செஸ்டர் மேக்னம் | 1963 | 180 | 2960 | 3500 | 26 |

அட்டவணையின் கடைசி இரண்டு நிரல்களையும் இன்னொரு முறை பாருங்கள். மேலே உள்ளதற்கும் கீழே உள்ளதற்கும் ஆற்றல் ஒன்றரை மடங்கு, உதை இரண்டு மடங்கு. அப்புறம் அட்டவணையில் இல்லாத ஒன்று: ஐந்தையும் 200 கஜத்துக்குச் சரியாகக் குறிபார்த்து வைத்துவிட்டு 300 கஜத்தில் சுட்டால், குண்டு கீழே இறங்கும் அளவில் இவற்றுக்குள் வித்தியாசம் இரண்டு மூன்று அங்குலத்துக்குள்தான். மானின் நெஞ்சுக்கூட்டில் உயிர்நிலையான பகுதி எட்டு பத்து அங்குலம், எல்க்குக்கு அதைவிடப் பெரிது. அதாவது 300 கஜம் வரை, "இது நேராகப் போகும், அது சரியும்" என்ற பேச்சுக்கெல்லாம் பெரிய மதிப்பில்லை.

## 6.5 க்ரீட்மூர்

ஹார்னடி நிறுவனம் 2007-இல் இலக்குச் சுடும் போட்டிகளுக்காகக் கொண்டுவந்தது. வேட்டைக்காரர்கள் கையில் பிறகுதான் வந்தது. மெல்லிய, நீளமான குண்டு, அதனால் காற்றைக் கிழித்துப் போவதில் கெட்டிக்காரத்தனம் அதிகம். புறப்படும்போது .308-இன் 150 கிரெயின் குண்டுக்குத்தான் ஆற்றல் கூட, ஆனால் 300 கஜம் போவதற்குள் 6.5 அதை எட்டிப் பிடித்து மேலேயும் போய்விடும், அங்கே 1650 அடி-பவுண்டு பக்கம் மிச்சம் வைத்திருக்கும். மணிக்கு 10 மைல் பக்கக்காற்றில் 400 கஜத்தில் .308 விலகுவதைவிட இது நாலு அங்குலம் போலக் குறைவாக விலகும். வயோமிங் சமவெளியில் ப்ராங்ஹார்ன் (மான் போன்ற விலங்கு) வேட்டைக்குப் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும், அங்கே காற்று நிற்பதே இல்லை.

உதை குறைவு என்பதுதான் இதன் உண்மையான பலம். உடல் மெலிந்தவர்கள், தோள்வலி உள்ளவர்கள், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள், முதல்முறை ரைபிள் தொடுபவர்கள் என்று யார் கையில் கொடுத்தாலும் இரண்டாம் நாளே நன்றாகச் சுடுவார்கள்.

எல்க்குக்குப் போதுமா என்ற சண்டை முடிவில்லாமல் நடக்கிறது. போதும், ஆனால் நிபந்தனையோடு. நல்ல கட்டமைப்புள்ள குண்டு, 300 கஜத்துக்குள், விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால். சாய்வாக நிற்கும் ஆண் எல்க்கின் தோளெலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டிய நிலை வந்தால் எனக்கு இதில் நம்பிக்கை குறைவு, அப்போது சுடாமல் காத்திருக்கப் பழகியிருக்க வேண்டும். காத்திருக்கத் தெரிந்தவருக்கு இது நல்ல துணை. இன்னொன்று, போட்டிக்காரர்கள் புண்ணியத்தில் 600, 700 கஜம் என்று பேசப் பழகிவிட்டார்கள், காகித இலக்கைச் சுடுவது வேறு, நடக்கிற உயிரைச் சுடுவது வேறு. இந்தத் தோட்டா கையில் இருந்தால் அந்தத் தூரங்களுக்கு ஆசை வரும். அதை அடக்க வேண்டும்.

## .308 வின்செஸ்டர்

நம்மூரில் மத்தியப் படைகள், போலீஸ் கையில் பார்த்திருப்பீர்களே எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, அதன் 7.62 தோட்டா இதற்கு உடன்பிறப்பு. 1952-இல் வேட்டைக்கடைக்கு வந்தது, 1954-இல் நேட்டோ படைகளின் பொதுத் தோட்டாவானது. ராணுவத் தொடர்பால் கிடைத்த பெரிய லாபம்: உலகத்தில் எங்கே துப்பாக்கிக்கடை இருந்தாலும் இது இருக்கும், மலிவான பயிற்சித் தோட்டாவும் ஏராளம். ராணுவ மிச்சச் சரக்கை வாங்கினால் மட்டும் அது உங்கள் ரைபிளுக்குச் சரிப்படுமா என்று கையேட்டைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கூடு குட்டையானது, .30-06-ஐவிட முழுத் தோட்டாவே அரை அங்குலம் குறைவு. அதனால் ரைபிளின் இயங்குபகுதியும் குட்டை, துப்பாக்கி கொஞ்சம் இலேசு. 20 அங்குலக் குழல் வைத்தாலும் அதிகம் இழப்பதில்லை, அடர்ந்த ஆஸ்பென் காட்டுக்குள் கிளைகளில் மாட்டாமல் நுழைய வசதி.

குறை என்றால், 350 கஜத்துக்கு மேல் குண்டின் சரிவும் காற்றில் விலகலும் வேகமாகக் கூடும். கனமான குண்டுக்குப் போனால் வேகம் குறையும், 180 கிரெயினில் 2620 அடிதான். ஆனால் முதல் சில வருஷங்களில் யாருமே 350 கஜத்துக்கு மேல் சுடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம், ஆகவே இந்தக் குறை புதியவரைத் தொடாது. 165 கிரெயின் நல்ல குண்டோடு 250 கஜத்துக்குள் எல்க்குக்கும் மானுக்கும் கருங்கரடிக்கும் இது தாராளம்.

## .270 வின்செஸ்டர்

நூறு வயதான தோட்டா. ராணுவத்தின் கூட்டை எடுத்து வாயைச் சுருக்கி .277 அங்குலக் குண்டு பொருத்தி 1925-இல் வின்செஸ்டர் வெளியிட்டது. ஜாக் ஓ'கானர் என்ற எழுத்தாளர் பத்திரிகையில் பல பத்தாண்டுகள் இதைப் பற்றி எழுதி எழுதியே மேற்கு மாநிலங்களில் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர் சொன்னதில் மிகை கிடையாது, 130 கிரெயின் குண்டு 3060 அடி வேகத்தில் போகும்போது மியூல் மானுக்கு இதைவிடப் பொருத்தமான தோட்டா இன்றுவரை குறைவு. 250 கஜத்துக்குக் குறிபார்த்து வைத்துவிட்டால் 300 தாண்டும்வரை தொலைநோக்கியின் குறுக்குக்கோட்டை நெஞ்சின் மேல் வைத்து அழுத்தினால் போதும், கணக்கு எதுவும் வேண்டாம். விடிகாலை மங்கலில், விரல் மரத்துப்போய், மான் இன்னும் நாலு நொடிதான் நிற்கும் என்ற நிலையில் அந்த எளிமை பெரிய உதவி.

எல்க்குக்கு 130-ஐ விட்டுவிட்டு 150 கிரெயின் உறுதியான குண்டுக்கு மாறுங்கள்.

இதன் சங்கடம் எதிர்காலம். புதிய நீளமான குண்டுகள் எல்லாம் 6.5-க்கும் 7 மில்லிமீட்டருக்கும்தான் வருகின்றன. .277-க்குத் தேர்வு குறைவு, பழைய ரைபிள்களின் குழல் முறுக்கும் (குண்டைச் சுழலவிடும் உள்வரிகளின் திருகு) அந்த நீளக் குண்டுகளுக்கு ஏற்றதல்ல. மலிவான பயிற்சித் தோட்டா என்று இதற்குத் தனியாக எதுவும் இல்லை, ஒவ்வொரு முறையும் வேட்டைத் தோட்டாவின் விலை கொடுத்துத்தான் பழக வேண்டும். மறுபக்கம், பழைய .270 ரைபிள்கள் அருமையான நிலையில் நியாயமான விலைக்கு வருகின்றன. மாமனாரோ பக்கத்து வீட்டுக்காரரோ ஒன்றைக் கொடுக்கத் தயாராக இருந்தால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

## .30-06 ஸ்ப்ரிங்ஃபீல்ட்

எனக்கு மனசுக்கு நெருக்கமானது இதுதான், மறைக்க ஒன்றுமில்லை. "தர்ட்டி ஆட் சிக்ஸ்" என்பார்கள், 1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .30 காலிபர் என்பதுதான் பெயர். இரண்டு உலகப்போர்களைப் பார்த்துவிட்டு வந்து, இந்தக் கண்டத்தில் நடமாடும் பெரிய விலங்குகள் எல்லாவற்றையும் எடுத்திருக்கிறது.

இதன் சிறப்பு குண்டின் எடை வரம்பு. கடையில் 125 கிரெயினிலிருந்து 220 கிரெயின் வரை கிடைக்கும். மானுக்கு 150, எல்க்குக்கு 180, அலாஸ்கா பக்கம் பழுப்புக் கரடி நடமாடும் இடத்தில் 220. ஒரே ரைபிள், ஒரே பழக்கம், குண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் (மாற்றும் ஒவ்வொரு தடவையும் குறியைச் சரிபார்க்க வேண்டும், இதைச் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள்). 180 கிரெயின் நல்ல குண்டு எல்க்கின் தோளைத் துளைத்து மறுபக்கம் வெளியே வரும், இரண்டு துளை இருந்தால் பனியில் ரத்தத்தடம் தெளிவாகத் தெரியும். கண்டுபிடிப்பது எளிது. எல்க் ஓர் இருநூறு கஜம் ஓடிப் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டால், நாலு கால்பகுதிகளையும் முதுகில் சுமந்து மேலே ஏற்றுவது உங்கள் வேலை. பின்கால்பகுதி ஒன்றே கிட்டத்தட்ட முப்பது கிலோ வரும்.

ஆனால் உதை 20 அடி-பவுண்டு. பெரும்பாலோருக்கு வலிக்காமல் சுட முடிகிற எல்லை அங்கேதான் முடிகிறது என்பது நான் பலரையும் சுடுகளத்தில் பார்த்த வரையில் தெரிந்தது. பதினைந்து தோட்டாவுக்கு மேல் ஒரே அமர்வில் சுட்டால் குறி சிதற ஆரம்பிக்கிறது. ஏழு பவுண்டுக்குக் கீழான இலேசு ரைபிளில் இதை வாங்கவே வாங்காதீர்கள்.

.308-ஓடு ஒப்பிட்டால் ஒரே எடைக் குண்டுக்கு 80 முதல் 100 அடி வேகம் கூட, அவ்வளவுதான். 180 கிரெயினுக்கு மேல் போகும்போதுதான் இரண்டுக்கும் உண்மையான இடைவெளி தெரியும். மான் மட்டுமே போதும் என்பவருக்கு அந்த இடைவெளிக்காக நீளமான துப்பாக்கியும் கூடுதல் உதையும் தேவையில்லை.

## .300 வின்செஸ்டர் மேக்னம்

கடைக்காரர் பெரும்பாலும் "எல்க்கா? அப்ப இதை எடுங்க" என்று நீட்டுவது இதைத்தான். மேக்னம் என்றால் கூடுதல் மருந்து பிடிக்கும் பெரிய கூடு. பலசாலி, மறுப்பதற்கில்லை. .30-06 சுடும் அதே 180 கிரெயின் குண்டை 260 அடி கூடுதல் வேகத்தில் அனுப்பும். .30-06 300 கஜத்தில் செய்வதை இது 400 கஜத்துக்கு அப்பாலும் செய்யும். மரமே இல்லாத உயரமான மேட்டில், அருகில் போக வழியே இல்லாத இடத்தில், வருஷக்கணக்காகச் சுட்டுப் பழகியவர் கையில் இது சரியான கருவி.

புதியவர் கையில்? என் பதில் வேண்டாம் என்பதே. 26 அடி-பவுண்டு உதை, இலேசான ரைபிளில் 30-ஐயும் தொடும். உதையைக் குறைக்கக் குழல்முனையில் பிரேக் பொருத்தலாம், பொருத்தினால் சத்தம் பக்கவாட்டில் திரும்பி, காதுகாப்பு இல்லாமல் ஒரே ஒரு முறை சுட்டாலும் காதுக்குச் சேதம், பக்கத்தில் நிற்கும் நண்பருக்கு இன்னும் மோசம். ஒலியடக்கி பொருத்தலாம் என்றால் கொலராடோ அனுமதிக்கிறது, கனடாவில் அது தடைசெய்யப்பட்ட பொருள். குழல் 24, 26 அங்குலம் வேண்டும், இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கிய வேகம் தீப்பிழம்பாக முனையில் வீணாகும். நெருங்கிய தூரத்தில் மென்மையான குண்டு போட்டால் மானின் முன்தொடை இரண்டும் ரத்தக்கட்டியாகி, கறிக்கு ஆகாமல் போகும். சாப்பிடுவதற்காக வேட்டையாடும் நமக்கு அது சின்ன இழப்பில்லை.

## கூட்டைவிடக் குண்டு முக்கியம்

1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்பவர் ஒரு மூஸைச் சுட்டார். கையில் இருந்தது .300 ஹெச் அண்டு ஹெச் மேக்னம், அந்தக் காலத்துப் பெரிய தோட்டா. சேறு காய்ந்து ஒட்டியிருந்த தோளில் பட்டதும் குண்டு மேலோட்டமாகவே சிதறிப்போனது, உள்ளே இறங்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் குண்டுக்கு நடுவில் செம்புத் தடுப்பு வைத்து, முன்பாதி விரிய, பின்பாதி கலையாமல் துளைத்துப் போகும்படி ஒன்றைச் செய்தார். 1948-இல் விற்பனைக்கு வந்த அந்த நாஸ்லர் பார்டிஷன் குண்டு இன்றும் கடையில் இருக்கிறது.

எந்தத் தோட்டா என்ற கேள்விக்கு ஒரு மணி நேரம் செலவிட்டால், எந்தக் குண்டு என்பதற்கு இரண்டு மணி நேரம் செலவிடுங்கள். மானுக்குச் சாதாரண ஈயமுனைக் குண்டு போதும். எல்க், மூஸ் என்றால் பார்டிஷன் போன்ற தடுப்புக் குண்டு, உறையோடு ஈயத்தை ஒட்டிய குண்டு, அல்லது முழுச் செம்புக் குண்டு. நல்ல குண்டு போட்ட 6.5, மட்டமான குண்டு போட்ட .300-ஐவிட எல்க்குக்கு மேல்.

நான் முழுச் செம்புக்கு மாறச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈயக் குண்டு உள்ளே உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்தைச் சுற்றி வெகுதூரம் சிதறும், எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். அந்தக் கறியை வீட்டில் சின்னப் பிள்ளைகள் சாப்பிடப் போகிறார்கள். காட்டில் விட்டுவரும் குடலைத் தின்னும் கழுகுகளுக்கும் அதுதான் விஷம். காண்டர் கழுகுகள் உள்ளிட்ட வனவிலங்குகளைக் காக்கக் கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவை முழுவதும் தடை செய்துவிட்டது. செம்பு ஈயத்தைவிட இலேசு, ஆகவே வழக்கத்தைவிட ஒரு படி எடை குறைந்த குண்டு எடுக்கலாம்: .308-இல் 150, .30-06-இல் 165, .270-இல் 130. விரிவதற்கு வேகம் வேண்டும் என்பதால் மிகத் தொலைவில் சுடாதீர்கள், அவ்வளவுதான்.

## கணக்கில் வராத செலவுகள்

நல்ல வேட்டைத் தோட்டா 20 கொண்ட ஒரு பெட்டி, முதல் நாலு வகைக்கும் 30 முதல் 50 டாலர், .300 மேக்னத்துக்கு 45-இலிருந்து 75 வரை. செம்புக் குண்டு என்றால் எல்லாவற்றுக்கும் கூட. கோடையில் பத்துப் பெட்டி சுடுவதாக வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள், மலிவான பயிற்சித் தோட்டா கிடைக்கும் .308-க்கும் மேக்னத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு நல்ல தொலைநோக்கி வாங்கிவிடலாம். பணத்தைவிடப் பெரிய செலவு பழகாமல் விடுவது. விலையும் வலியும் சேர்ந்தால் ஆள் சுடுகளத்துக்குப் போவதை நிறுத்திவிடுவார், அக்டோபரில் நேரே மலைக்குப் போவார். மேக்னம் வாங்கியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதுதான்.

விமானத்தில் போகிறவர்கள் கவனிக்க: பயணிக்கு 5 கிலோ தோட்டாதான் பொதுவான வரம்பு. பெட்டி வந்து சேராவிட்டால், மலையடிவாரச் சிற்றூரில் இரும்புக்கடையும் பெட்ரோல் பங்க்கும்தான் கதி, அங்கே .30-06, .308, .270 இருக்க வாய்ப்பு அதிகம், இப்போது 6.5-உம் வந்துவிட்டது. 2020, 2021-இல் பெருந்தொற்றுக் காலத்தில் தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது நாடு முழுக்க வேட்டைத் தோட்டா அலமாரிகள் காலியாகக் கிடந்தன. எதை வாங்கினாலும் ஒரே தயாரிப்புத் தொகுதியில் நாலைந்து பெட்டி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

விசா விஷயமும் சொல்லிவிடுகிறேன். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று. உரிமம் காலாவதியானால் நிலைமை மாறும். வழக்கறிஞரைக் கேட்காமல் கடைக்குப் போகாதீர்கள். கனடாவில் பாதுகாப்புப் பயிற்சி முடித்து துப்பாக்கி உரிமம் வாங்கிய பிறகுதான் எதையும் தொடலாம்.

## சரி, யாருக்கு எது

முதல் ரைபிள், ஒரே ரைபிள், மானும் எல்க்கும் இரண்டும் வேண்டும், காட்டுப்பகுதி, 250 கஜத்துக்குள்: .308. எனக்குப் பிடித்தது .30-06 என்றாலும் புதியவருக்கு நான் சொல்வது இதையே, காரணம் கோடையில் அவர் இதை அதிகம் சுடுவார்.

மெலிந்த உடல்வாகு, உதை என்றாலே தயக்கம், அல்லது காற்றடிக்கும் திறந்தவெளியில் மானும் ப்ராங்ஹார்னும்: 6.5 க்ரீட்மூர். கணவன் மனைவி இருவரும் ஒரே துப்பாக்கியைப் பகிர்வதாக இருந்தாலும் இதுதான்.

மியூல் மான் முக்கியம், எல்க் எப்போதாவது, நல்ல பழைய ரைபிள் ஒன்று கைக்கு வருகிறது: .270.

எல்க்கும் மூஸும்தான் குறி, உதை பழகிவிட்டது, ஒரு ரைபிளை வைத்தே ஆயுள் முழுக்க ஓட்ட வேண்டும்: .30-06.

ஏற்கெனவே மற்றொன்றில் நன்றாகத் தேர்ந்து, 300 கஜத்துக்கு அப்பால் எல்க் சுட வேண்டிய நிலம் என்று தெரிந்தே போகிறவர்: .300 மேக்னம்.

விட்டுப்போனவை பற்றி ஓரிரு சொல். 7எம்எம்-08 ரெமிங்டன் அருமையான தோட்டா, .308-க்கும் 6.5-க்கும் நடுவில் நிற்கும், சிற்றூர்க் கடைகளில்தான் கிடைப்பது அரிது. .243 மானுக்கு நல்லது, எல்க்குக்குச் சட்டம் அனுமதித்தாலும் நான் அனுமதிக்க மாட்டேன். 1895-இல் வந்த .30-30 கிழக்குக் காடுகளில் 150 கஜத்துக்குள் இன்றும் ராஜா. 2022-இல் வந்த 7எம்எம் பிஆர்சி நன்றாக இருக்கிறது, விலைதான் இறங்க வேண்டும்.

இந்த ஐந்தில் ஏதாவது ஒன்று ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்குத் தோட்டா வாங்குங்கள். ஜூன், ஜூலையில் மேசையில் வைத்துக் குறியைச் சரிசெய்துவிட்டு, ஆகஸ்டிலிருந்து மேசையை விட்டு எழுந்து, உட்கார்ந்தும் மண்டியிட்டும் இரட்டைக்கோல் ஊன்றியும் சுட்டுப் பழகுங்கள். எட்டு அங்குல விட்டத் தட்டில் ஐந்துக்கு ஐந்தும் எந்தத் தூரம் வரை விழுகிறதோ அதுதான் அக்டோபரில் உங்கள் எல்லை, 180 கஜம் என்றால் 180.